காலநிலை மாற்றத்துக்குச் சுகாதாரத் துறை தயாராவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுகாதார ஊழியர்களுக்கும் உள்ளாட்சிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இந்த விஷயத்தில் வகுப்பு எடுக்கும்போது, எங்கே போனாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. எல்லார் முன்னாலும் கேட்கத் தயங்கி, வகுப்பு முடிந்ததும் வாசலில் நிறுத்திக் கேட்பவர்களும் உண்டு. கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதி வைத்திருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள். போகப் போகச் சிக்கல் கூடும். ஏற்கெனவே பதில் சொன்ன விஷயம் திரும்ப வந்தால் அந்தக் கேள்வியின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.

1. காலநிலை மாற்றம் சுற்றுச்சூழல் துறைக்காரர்கள் பார்க்க வேண்டியது. சுகாதாரத் துறைக்கு இதில் என்ன வேலை?

புகையைக் குறைப்பதும் காட்டைக் காப்பதும் வேறு துறைகளின் கையில் இருக்கலாம். ஆனால் வெயிலில் சுருண்டு விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவார்கள்? வெள்ளம் வடிந்த பிறகு வயிற்றுப்போக்கோடு யார் வாசலில் வந்து நிற்பார்கள்? காரணம் எங்கே இருந்தாலும், பாதிப்பு வந்து சேருகிற இடம் மருத்துவமனைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. நோயாளிகள் கூடுகிற அதே நாளில் மருத்துவமனையும் அடி வாங்குகிறது. மின்சாரம் போகிறது, சாலை துண்டிக்கப்படுகிறது, செவிலியரின் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருக்கிறது. தேவை உச்சத்துக்குப் போகும் நேரத்தில் கைவசம் இருப்பது பாதியாகக் குறைந்துவிடுகிறது. இதற்குத்தான் முன்கூட்டியே தயாராக வேண்டும் என்கிறோம்.

2. அப்படி என்னென்ன நோய்தான் கூடும்?

பட்டியல் நீளம். நேரடியாக வெப்பத்தால் வருபவை, கெட்ட தண்ணீரால் வருபவை, கொசுவாலும் எலியாலும் வருபவை, பயிர் பொய்த்து ஊட்டம் குறைவதால் வருபவை, காட்டுத்தீப் புகையாலும் மகரந்தத்தாலும் வரும் மூச்சுக் கோளாறுகள், வீடு வாசலை இழந்தவர்களுக்கு வரும் மனநலச் சிக்கல்கள் என்று போகும். ஊட்டச்சத்துக் குறைவு, மலேரியா, வயிற்றுப்போக்கு, வெப்பம் ஆகிய 4 காரணங்களால் மட்டும் 2030-க்கும் 2050-க்கும் இடையில் ஆண்டுக்கு 2.5 லட்சம் பேர் கூடுதலாக இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

இதில் புது நோய் என்று எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் நாம் ஏற்கெனவே பார்த்துப் பழகியவை. இடமும் காலமும் எண்ணிக்கையும்தான் மாறுகின்றன. நேற்றுவரை மலேரியாவே பார்த்திராத மலைப்பகுதி மருத்துவர் இன்று அதைச் சந்தேகிக்கப் பழக வேண்டும்.

3. வெயில் எப்போதும் அடிப்பதுதானே? இப்போது மட்டும் ஏன் பேரிடர் மாதிரி பேசுகிறீர்கள்?

2003 கோடையில் ஐரோப்பாவில் வெப்ப அலையால் 70,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பிரான்ஸில் மட்டும் சுமார் 15,000 பேர். வசதியான நாடு, நல்ல மருத்துவமனைகள். பலருக்கும் உதவி கேட்கவே நேரமில்லாமல் போனது. தனியாக இருந்த முதியவர்கள் வீட்டுக்குள்ளேயே இறந்துபோனார்கள்.

வெப்பம் புயல் மாதிரி கூரையைப் பிய்த்துக்கொண்டு போவதில்லை. படம் பிடித்துக் காட்ட ஒன்றும் இருக்காது. 2021 ஜூன் கடைசியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் லிட்டன் என்ற ஊரில் 49.6 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த ஒரு வாரத்தில் மாகாணத்தில் வெப்பத்தால் இறந்தவர்கள் 619 பேர். அவர்களில் 98 சதவீதம் பேர் இறந்தது கட்டடத்துக்குள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் தனியாக வசித்தவர்கள். வெப்ப மரணம் என்றாலே உச்சி வெயிலில் வேலை செய்பவர் நினைவுக்கு வருகிறார். அவருக்கு ஆபத்து நிச்சயம் உண்டு. கூடவே, சன்னல் திறக்காத அறையில் படுத்திருக்கும் பாட்டியும் நினைவுக்கு வர வேண்டும்.

இரவும் முக்கியம். பகலில் 42 டிகிரி என்றாலும் இரவில் நன்றாக ஆறினால் உடம்பு ஓரளவு மீண்டுவிடும். இரவிலும் சூடு இறங்காமல் மூன்று நான்கு நாள் தொடர்ந்தால் இதயமும் சிறுநீரகமும் தளர்ந்துபோகும். காலநிலை மாற்றத்தில் பல இடங்களில் பகலைவிட இரவு வேகமாகச் சூடாகி வருகிறது.

4. எத்தனை டிகிரி வந்தால் ஆபத்து? ஒரே ஒரு எண் சொல்லுங்கள்.

சொல்ல முடியாது. நழுவுவதற்காக இப்படிச் சொல்லவில்லை. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. அதனால் வறண்ட ஊரின் 42 டிகிரியைவிடக் கடலோரத்தின் 36 டிகிரி மோசமாக இருக்கலாம். வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை என்று ஓர் அளவு உண்டு. அது 35 டிகிரியைத் தொட்டால் நல்ல உடல்நிலையில் இருப்பவர்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010 வாக்கில் கணக்கிட்டார்கள். அதன் பிறகு இளம் வயதினரை வைத்துச் செய்த சோதனைகளில், ஈரமான சூழலில் 31 டிகிரியிலேயே உடம்பு தடுமாறத் தொடங்குவது தெரிந்தது. முதியவர்களுக்கு எல்லை இன்னும் கீழே.

உங்கள் ஊருக்கான எண் உங்கள் ஊரின் பதிவேட்டில்தான் இருக்கிறது. பத்து ஆண்டு வெப்பநிலைக் கணக்கையும் அதே பத்து ஆண்டு இறப்புக் கணக்கையும் நாள்வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வெப்பநிலைக்கு மேல் இறப்பு ஏறுகிறது என்பது தெரியும். எச்சரிக்கை விடவேண்டிய எல்லை அதுதான்.

5. 'சுகாதார அமைப்பைத் தயார்ப்படுத்துவது' என்று சொல்கிறார்கள். நடைமுறையில் அது என்ன?

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் இதற்கென்று ஒரு செயல் வரைவை வெளியிட்டது. தலைமை, பணியாளர், ஆபத்து மதிப்பீடு, கண்காணிப்பும் முன்னெச்சரிக்கையும், ஆராய்ச்சி, கட்டடமும் தொழில்நுட்பமும், தண்ணீர் உணவு போன்றவற்றின் நிர்வாகம், நோய்த் திட்டங்கள், அவசரகால ஏற்பாடு, நிதி என்று 10 அங்கங்கள். 2023-ல் அதைப் புதுப்பித்து, மருத்துவமனைகள் தங்கள் கார்பன் வெளியேற்றத்தைக் குறைப்பதையும் சேர்த்தார்கள்.

பத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நான் வகுப்பில் மூன்றாகச் சுருக்கிக் கேட்பேன். வரப்போவது உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா? தெரிந்ததும் யார் என்ன செய்வது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? அன்றைக்கு உங்கள் கட்டடம் நிற்குமா?

6. எங்களுடையது சின்ன சுகாதார நிலையம். எதிலிருந்து தொடங்குவது?

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நிலையத்தைச் சுற்றி நடங்கள். அரை நாள் போதும். இடுப்பளவு தண்ணீர் வந்தால் எதெது மூழ்கும்? மின்சாரம் மூன்று நாள் இல்லையென்றால் எது எது நின்றுபோகும்? குழாயில் தண்ணீர் வராவிட்டால் பிரசவ அறைக்கு என்ன வழி? ஒவ்வோர் அறையிலும் இந்த மூன்றையும் கேளுங்கள்.

முதலில் தடுப்பூசி வைத்திருக்கும் குளிர்பெட்டியிடம் போங்கள். அதற்குள் 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒரு நிலையத்தில் வெப்பநிலைப் பதிவேட்டைப் புரட்டியபோது மாதக்கணக்கில் காலையும் மாலையும் ஒரே எண் எழுதியிருந்தது. கோடை, மழை, மின்வெட்டு நாள் எதிலும் மாற்றமில்லை. பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், அதன் வயரும் மேசை விசிறியின் வயரும் ஒரே பிளக் பாயின்டில். விசிறி வேண்டாதபோது சுவிட்சை அணைத்தால் பெட்டியும் அணைந்துவிடும். யாரும் வேண்டுமென்றே செய்ததில்லை. புழுக்கம் தாங்காமல் யாரோ விசிறியைச் செருகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இப்படிப்பட்ட விஷயங்கள் எந்தத் திட்ட அறிக்கையிலும் வராது. நடந்து பார்த்தால்தான் கண்ணில் படும்.

பெரிய மருத்துவமனைகளுக்கும் இதே நடைதான். 2012-ல் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் 13-ஆவது மாடியில் பத்திரமாக இருந்தன. டீசலை மேலே ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் இருந்தன. தண்ணீர் புகுந்ததும் பம்புகள் நின்றன. படிக்கட்டு நெடுக ஆட்கள் நின்று கைமாற்றி எரிபொருளை மேலே ஏற்றினார்கள். கடைசியில் நோயாளிகளையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஜெனரேட்டர் உயரத்தில் இருந்தால் மட்டும் போதாது. அதற்கு டீசல் ஏற்றும் பம்பும் தண்ணீருக்குத் தப்ப வேண்டும்.

7. வானிலை எச்சரிக்கைதான் போனிலேயே வந்துவிடுகிறதே, அப்புறம் தனியாக வெப்பச் செயல்திட்டம் எதற்கு?

எச்சரிக்கை என்பது தகவல். அது வந்ததும் என்ன செய்வது என்பது திட்டம். நாளை கடும் வெப்பம் என்று தெரிந்தால் வெளிநோயாளிப் பிரிவின் நேரத்தை மாற்றுவது யார்? ஆம்புலன்ஸில் ஐஸ் ஏற்றுவது யார்? தனியாக இருப்பவர்களின் கதவைத் தட்டுவது யார்? பெயரும் பொறுப்பும் எழுதியிருந்தால் மட்டுமே இவை நடக்கும்.

2010 மே மாதம் அகமதாபாத்தில் அடித்த வெயிலில், அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அதைப் பார்த்துதான் 2013-ல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. தெற்காசியாவில் அதுவே முதல். எச்சரிக்கைக்கு நிற வரிசை, துறைகளுக்கிடையே தொடர்பு, மருத்துவர்களுக்குப் பயிற்சி, குடிநீர் ஏற்பாடு என்று எல்லாம் சாதாரண விஷயங்கள்தான். அதன் பிறகு ஆண்டுக்குச் சராசரியாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்கள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பிரான்ஸும் 2003-க்குப் பிறகு இதையேதான் செய்தது. 2006-ல் அங்கே மறுபடி வெப்ப அலை வந்தபோது, எதிர்பார்த்ததைவிடச் சுமார் 4,400 பேர் குறைவாக இறந்தார்கள்.

8. வெயிலில் மயங்கி விழுந்தவருக்குக் காய்ச்சல் 41 டிகிரி. பாராசிட்டமால் கொடுக்கலாமா?

வேண்டாம். அது காய்ச்சல் இல்லை. காய்ச்சலில் உடம்பே தன் வெப்ப அளவைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. பாராசிட்டமால் அதை இறக்கும். வெப்பத் தாக்கில் உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாமல் தோற்றுப் போயிருக்கிறது. அங்கே அந்த மாத்திரைக்கு வேலை இல்லை. கல்லீரலுக்குக் கெடுதல்கூட வரலாம்.

உடல் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போய், பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது வெப்பத் தாக்கு. அப்போது ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு நேரும் சேதம். குளிர்வித்துக்கொண்டே ஆம்புலன்ஸை அழையுங்கள். ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு அமர்த்திப் பிடித்துக்கொள்வது சிறந்த வழி. தொட்டி இல்லையென்றால் உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். அக்குளிலும் கழுத்திலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வையுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, ஐஸ் கிடைக்கும் இடத்தின் போன் நம்பர், மலக்குடல் வெப்பமானி ஆகிய மூன்றும் கோடைக்கு முன்பே ஒவ்வோர் அவசரப் பிரிவிலும் இருந்தால் எவ்வளவோ உயிர் பிழைக்கும்.

9. சில மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வெயிலில் ஆபத்து அதிகமாமே. கோடையில் நிறுத்தச் சொல்லலாமா?

நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள். சிறுநீர் போக வைக்கும் மாத்திரைகள் உடம்பின் நீரைக் குறைக்கின்றன. மனநோய்க்கான சில மருந்துகள் வியர்வையைத் தடுக்கின்றன, தாகத்தை மறக்கடிக்கின்றன. லித்தியம் என்ற மனநோய் மருந்தை எடுப்பவருக்கு நீர் வற்றினால் இரத்தத்தில் அதன் அளவு ஆபத்தான எல்லைக்கு ஏறும். இதெல்லாம் உண்மை. ஆனால் மருந்தை நிறுத்தினால் வரும் ஆபத்து அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

கோடைக்கு ஒரு மாதம் முன்பே, மருத்துவர் இந்த நோயாளிகளின் மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்து, அளவை மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்யட்டும். இன்சுலின் போடுபவரிடம் அதை எங்கே வைக்கிறார் என்று கேளுங்கள். சன்னலோரத்தில் வைத்துச் சூடேறிய இன்சுலின் பார்வைக்கு அப்படியே இருக்கும், வேலை மட்டும் செய்யாது.

10. வீட்டில் மின்விசிறி இருந்தால் போதாதா?

ஓரளவு வரை போதும். காற்றின் வெப்பம் நம் தோலின் வெப்பத்தைவிட அதிகமாகும்போது விசிறி சூடான காற்றைத்தான் மேலே அடிக்கிறது. 40 டிகிரிக்கு மேல் விசிறி உடம்பைச் சூடாக்கவே கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் தோலை நனைத்துக்கொள்வது, ஈரத்துணி போர்த்துவது, குளிர்ச்சியான பொது இடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் இருந்துவிட்டு வருவது ஆகியவை உதவும்.

11. வெள்ளம் வந்தால் காலரா வரும் என்று உடனே பயப்பட வேண்டுமா?

ஊரில் காலரா ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தால் பயப்படத்தான் வேண்டும். மலாவியில் 2022-ல் புயல்களுக்குப் பின் தொடங்கிய காலரா அந்த நாட்டு வரலாற்றிலேயே மோசமானதாகி, 1,700-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மற்ற இடங்களில் முதலில் கேட்க வேண்டியது வேறு: இன்று டயாலிசிஸ் யாருக்கு? ஆக்சிஜனில் யார் இருக்கிறார்? எந்தக் கர்ப்பிணிக்கு இந்த வாரம் தேதி? வெள்ளத்தின் முதல் நாட்களில் நோய்க் கிருமியைவிடச் சிகிச்சை அறுந்துபோவதுதான் பலரைக் கொல்கிறது.

நோய்களுக்கு ஒரு கால வரிசை உண்டு. முதல் இரண்டு மூன்று நாளில் காயம், மின்னதிர்ச்சி, பாம்புக்கடி. முதல் வாரத்திலிருந்து வயிற்றுப்போக்கு. ஒன்றிரண்டு வாரம் கழித்து எலிக்காய்ச்சல் தலைகாட்டும். சேற்றில் இறங்கிச் சுத்தம் செய்தவர்களுக்கே அதிகம். 2018 வெள்ளத்தின்போது கேரளத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு டாக்சிசைக்ளின் தடுப்பு மாத்திரையைப் பெரிய அளவில் கொடுத்தது அதனால்தான். தேங்கிய தண்ணீரில் கொசு பெருகி மலேரியாவும் டெங்குவும் ஏற வாரக் கணக்காகும். பாகிஸ்தானில் 2022 வெள்ளத்துக்குப் பிறகு மலேரியா பல மடங்கு கூடியது. உலகின் பார்வை வேறு பக்கம் திரும்பிவிட்ட பிறகுதான் அது உச்சத்துக்குப் போனது. தூக்கமின்மையும் மன அழுத்தமும் மாதங்களுக்கு நீடிக்கும். எனவே நிவாரண முகாம் மூடும் நாளோடு வேலை முடிந்ததாகக் கணக்கு வைக்காதீர்கள்.

12. மழையே இல்லாத வருஷத்தில் டெங்கு எப்படி வருகிறது?

தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் மக்கள் குடத்திலும் டிரம்மிலும் சேர்த்து வைக்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியதே அதுதான்: வீட்டுக்குள் தேங்கிய நல்ல தண்ணீர். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வெறுமனே கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் பயனில்லை. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, மூடி வைக்க வேண்டும். தண்ணீரைச் சேமிக்காதீர்கள் என்று தட்டுப்பாட்டில் தவிப்பவரிடம் சொல்வது எடுபடாது. மூடி கொடுங்கள்.

சூடு ஏற ஏற டெங்கு ஏறிக்கொண்டே போகும் என்பதும் சரியில்லை. ஏடிஸ் கொசு டெங்குவை நன்றாகப் பரப்புவது 29 டிகிரியை ஒட்டி. மலேரியா பரப்பும் கொசுவுக்கு 25 டிகிரி போதும். அதற்கு மேல் போகப் போகக் கொசுவே தாக்குப்பிடிக்காது. அதனால் மிக வெப்பமான இடங்களில் மலேரியா குறையவும் கூடும். குளிர்ந்த மலைகள்தான் புதிதாக மாட்டிக்கொள்கின்றன.

13. நோய் பரவப் போகிறது என்று மழையை மாதிரி முன்கூட்டியே சொல்ல முடியுமா?

சில நோய்களுக்கு, சில இடங்களில், ஓரளவு முடியும். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ வருவது மாதங்களுக்கு முன்பே தெரிகிறது. அதை வைத்து வறட்சியையும் வெள்ளத்தையும், அவற்றோடு வரும் நோய்களையும் ஊகிக்கலாம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 2016 நவம்பரில் ஓர் இடிமழை மாலை, மகரந்தத் துகள்களை உடைத்துக் காற்றில் பரப்பியது. ஆயிரக்கணக்கானோர் ஆஸ்துமாவோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள், 10 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த மாகாணம் இதற்கென்று தனி முன்னறிவிப்பைத் தொடங்கியது. மகரந்தம், வானிலை இரண்டையும் பார்ப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்ததால் அது முடிந்தது.

கணினி மாதிரிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலான இடங்களில் இப்போதைக்கு அதைவிட உதவுவது வாராந்திர நோய்க் கணக்கு ஒழுங்காக வருவதுதான். சென்ற வாரத்தை ஒரு மாதம் கழித்து அறிந்துகொள்பவருக்கு அடுத்த மாதத்தின் கணிப்பால் ஆகப் போவது குறைவு.

14. எங்கள் பதிவேட்டில் வெப்ப மரணம் ஒன்றுகூட இல்லை. அப்போது எங்களுக்குப் பிரச்சினை இல்லை என்றுதானே அர்த்தம்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். வெப்பத்தால் இறந்தவரின் சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கும், சிறுநீரகச் செயலிழப்பு என்று இருக்கும். பொய்யும் இல்லை, இதயம் நின்றது உண்மைதான். ஏன் அந்த வாரத்தில் அத்தனை இதயங்கள் நின்றன என்று சான்றிதழில் கேட்க இடமில்லை.

2017-ல் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது அதிகாரபூர்வ இறப்பு எண்ணிக்கை 64 என்றே பல மாதம் இருந்தது. பிறகு, வழக்கமாக அந்தக் காலத்தில் எத்தனை பேர் இறப்பார்கள் என்பதோடு ஒப்பிட்டுக் கணக்கெடுத்தபோது 2,975 என்று வந்தது. அரசும் அதை ஏற்றுக்கொண்டது. நீண்ட மின்வெட்டு, கிடைக்காத மருந்து, போக முடியாத சாலை எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. எனவே 4-ஆவது கேள்வியில் சொன்ன நாள்வாரிக் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். மரணக் காரணம் எழுதுபவருக்கு ஒரு சின்னப் பயிற்சியும் கொடுங்கள்: உடல் வெப்பம் எவ்வளவு இருந்தது, எந்த அறையில் கிடந்தார், விசிறி ஓடியதா என்று ஒரு வரி எழுதினால்கூட அடுத்த ஆண்டு அது வழிகாட்டும்.

15. ஊழியர்களே மயங்கி விழுந்தால் யார் வேலை பார்ப்பது?

நியாயமான கேள்வி. கோடையில் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்தான் நாள் முழுக்க வெயிலில் இருப்பவர். அவருடைய நடையைக் காலையிலும் மாலையிலும் வையுங்கள். பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு வேலை செய்பவருக்கு இடைவேளை கூடுதலாக வேண்டும். தண்ணீர் மட்டும் போதாது, சிறுநீர் கழிக்க இடமும் வேண்டும். இடமில்லாததால் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்யும் பெண் பணியாளர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

16. இவ்வளவுக்கும் பணத்துக்கு எங்கே போவது?

உலக அளவில் காலநிலைக்கென்று ஒதுக்கப்படும் நிதியில் சுகாதாரத்துக்கு வந்தது சுமார் 0.5 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. அது அதிகரிக்க வேண்டும், அதற்குக் குரல் கொடுக்கவும் வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. வங்கக் கடலில் 1970-ல் வந்த புயல் குறைந்தது 3 லட்சம் பேரைக் கொன்றது. 1991-ல் சுமார் 1.4 லட்சம் பேர் இறந்தார்கள். 2007-ல் சிடர் புயலில் வங்கதேசத்தில் இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். புயல் பலம் குறைந்தவையல்ல. இடையில் அந்த நாடு புயல் காப்பகங்களைக் கட்டியது. கொடியும் ஒலிபெருக்கியும் ஏந்திக் கிராமம் கிராமமாகப் போகும் தன்னார்வலர்களை ஆயிரக்கணக்கில் திரட்டியது. பணக்கார நாடாக ஆன பிறகு செய்ததல்ல இது.

17. எல்லா வார்டிலும் ஏ.சி. போட்டுவிட்டால் வெப்பப் பிரச்சினை தீர்ந்ததா?

சில இடங்களில் ஏ.சி. வேண்டும், தீவிர சிகிச்சைப் பிரிவு, பிரசவ அறை, மருந்துக் கிடங்கு ஆகியவற்றில் அதைப் பற்றி விவாதமே வேண்டாம். எல்லா இடத்துக்கும் அதையே நம்பினால், ஊரே ஏ.சி. போடுகிற நாளில்தான் மின்சாரம் போகும். காற்று வராதபடி மூடிக் கட்டிய கட்டடம் அப்போது அடுப்பாகிவிடும்.

முதலில் கூரைக்கு வெள்ளை பூசுங்கள், மேற்குச் சன்னலுக்கு வெளிப்பக்கம் நிழல் கொடுங்கள், எதிரெதிர் சன்னல்களைத் திறக்கும்படி வையுங்கள், காத்திருக்கும் இடத்தில் மரம் வளருங்கள். அதன் பிறகு தேவைப்படும் ஏ.சி. பாதியாகக் குறையலாம். சூரிய மின்தகடும் பேட்டரியும் இருந்தால் குளிர்பெட்டியும் பிரசவ அறை விளக்கும் மின்வெட்டிலும் ஓடும். சுமார் 100 கோடி மக்கள் நம்பியிருக்கும் சுகாதார நிலையங்களில் இன்றைக்கும் நம்பகமான மின்சாரம் இல்லை. அவற்றுக்கு இந்தத் தகடு முதல் நம்பகமான மின்சாரமாகவே இருக்கும்.

18. மருத்துவமனைகளே காற்றைக் கெடுக்கின்றன என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களின் உலக வெளியேற்றத்தில் 4 முதல் 5 சதவீதம் மருத்துவத் துறையிலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி மருந்தும் கருவியும் தயாரித்து அனுப்புவதில் உண்டாவது. டெஸ்ஃப்ளூரேன் என்ற மயக்க வாயு, அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 2,500 மடங்கு சூடேற்றும் தன்மை உள்ளது. அதற்கு மாற்று இருக்கிறது. ஸ்காட்லாந்து 2023-ல் அதை வாங்குவதை நிறுத்தியது.

ஆனால் அடிப்படைச் சிகிச்சையே எட்டாத சின்ன நிலையத்திடம் போய்க் கார்பன் கணக்கு கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே விளக்கு எரிவது முக்கியம்.

19. இந்த நோயாளி காலநிலை மாற்றத்தால்தான் பாதிக்கப்பட்டார் என்று காட்ட முடியுமா?

ஒரு தனி ஆளை வைத்துச் சொல்வது கடினம். புகைப்பவர் ஒருவரின் புற்றுநோய் புகையால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. அதே மாதிரிதான் இதுவும். 43 நாடுகளில் 732 இடங்களின் கணக்கை வைத்து 2021-ல் வெளியான ஆய்வு ஒன்று, 1991 முதல் 2018 வரை நேர்ந்த வெப்ப மரணங்களில் சுமார் 37 சதவீதத்துக்கு மனிதர்கள் உண்டாக்கிய வெப்பமேற்றமே காரணம் என்று கண்டது. நோயாளியிடம் இதை விவாதிக்கத் தேவையில்லை. நிதி கேட்கும் கூட்டத்துக்குப் போகும்போது இந்த எண்ணைக் கையோடு கொண்டுபோங்கள்.

20. தனியாக இருக்கும் முதியவர்கள், நோயாளிகள் பட்டியல் எடுப்பது அவர்களின் அந்தரங்கத்தில் தலையிடுவதாகாதா?

ஆகும், கவனமில்லாமல் செய்தால். யார் வீட்டில் தனியாக, நடமாட முடியாமல் இருக்கிறார் என்ற தாள் தவறான கையில் கிடைத்தால் திருடனுக்கு வழிகாட்டியாகிவிடும். அதனால் சேர்வது விருப்பத்தின் பேரில் இருக்கட்டும். நோயின் பெயரை எழுதாமல், என்ன உதவி வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள்: மின்சாரம் இல்லாமல் இருக்க முடியாதவர், படி இறங்க ஆள் வேண்டியவர், அவ்வளவு போதும். தாள் யாரிடம் இருக்கும் என்பதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள்.

விருப்பத்தின் பேரில் என்றால் மிகத் தனிமையில் இருப்பவர்தான் விடுபட்டுப்போவார் என்று ஒரு சங்கடம் உண்டு. இதற்கு முழுத் தீர்வு கிடையாது. மருந்து வாங்க வருபவர், ஓய்வூதியம் கொண்டுபோய்க் கொடுப்பவர், எதிர்வீட்டுக்காரர் என்று அவரை எப்படியும் பார்க்கிற ஒருவர் இருப்பார். அவர் மூலம் கேளுங்கள். 3-ஆவது கேள்வியில் சொன்ன 619 பேரை நினைத்தால், இந்தச் சிரமத்தைப் படலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

21. சரி, இப்படியே தயாராகிக்கொண்டே போனால் எவ்வளவு சூடானாலும் சமாளித்துவிடலாமா?

முடியாது. 4-ஆவது கேள்வியில் சொன்ன ஈரக்குமிழ் எல்லை உடம்பின் எல்லை. எந்தப் பயிற்சியாலும் அதைத் தள்ளிவைக்க முடியாது. கடல் ஏறி நிலமே போய்விட்ட தீவில் மருத்துவமனையை எந்த உயரத்தில் கட்டுவது? கார்பன் வெளியேற்றம் குறைந்தால்தான் தயாரிப்புக்கே பலன் இருக்கும். சுகாதாரத் துறையினர் இதைச் சொன்னால் மக்கள் காது கொடுக்கிறார்கள். அதனால் சொல்லுங்கள்.

22. எங்களிடம் திட்டம் எழுத்தில் இருக்கிறது. அது வேலை செய்யுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒத்திகை பாருங்கள். பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு நாள் ஜெனரேட்டரைப் போட்டு, மெயின் சுவிட்சை அணைத்து, ஒரு மணி நேரம் எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே நோயாளிகளுக்கு ஆபத்தில்லாதபடி ஏற்பாடு செய்துவிட்டு.

அப்புறம், விடுமுறை நாள் இரவு 10 மணிக்கு, திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் அவசரத் தொடர்பு எண்களை ஒவ்வொன்றாக அழையுங்கள். நான் உட்கார்ந்திருந்த ஓர் ஒத்திகையில் முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது எண்ணுக்கு உரியவர் இடமாற்றலாகிப் போய் இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. மூன்றாவது எண்ணை எடுத்தவர், தூக்கக் கலக்கத்தில், "எந்தத் திட்டம்?" என்றார். அடுத்த வாரமே அந்தப் பக்கத்தைப் புதிதாக அச்சடித்து ஒட்டினார்கள்.